எண்டர் தட்டினால் மணி அடிக்கும்

ஒன்பது மணிக்கு அடிக்க வேண்டிய பள்ளி மணி ஒன்பது பத்து ஆகியும் அடிக்கவில்லை.

மைதானத்தில் நானூறு பிள்ளைகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் புகார் எதுவும் இல்லை. நுழைவாயில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர்தான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை அறைக்குள் வந்தார். செருப்புச் சத்தமே கேள்வி கேட்டது.

"என்ன சார், உங்க பெட்டி தூங்குதா?"

"தூங்காது மேடம். ரெண்டு வருஷத்துல ஒரு நாள் தவறினது உண்டா? கரண்ட் போன அன்னிக்குகூட அடிச்சிருக்கு."

"இன்னிக்குக் கரண்டும் இருக்கு, நானும் இருக்கேன். மணியைத்தான் காணோம். பத்தரைக்குத் தாளாளர் வராரு. ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. மூன்று வாரமாக அதைத் தவிர வேறு ஞாபகமே இல்லை.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர். மேசைக்கு மேலே பலகையில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் ஒயர் ஜன்னல் வழியாக வெளியே போய், மதில் மேல் ஊர்ந்து, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாட்ச்மேன் கூண்டுக்குள் இறங்கும். கூண்டுக்குள் பழைய மணி, அதன் பழைய கயிற்றோடு. அதன் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார், மோட்டாரில் ஒரு சுத்தியல். நேரம் வந்ததும் பெட்டி சொல்லும், சுத்தியல் அடிக்கும். கம்ப்யூட்டர் டீச்சர் செய்து கொடுத்தது. அதற்கான கடிதத்தை எழுதியவர் எழுத்தர். கடிதம் எழுதியவர் பேரில்தான் பெட்டி நின்றது. பாராட்டு விழாவிலும் அவர்தான் நின்றார்.

இப்போது தாளாளர் தம்முடைய மற்ற நான்கு பள்ளிகளுக்கும் இதையே வைக்கலாமா என்று பார்க்க வருகிறார். வைத்தால், ஐந்து பெட்டிகளுக்கும் பொறுப்பாளர் எழுத்தர். பொறுப்பாளருக்குத் தனி அறை.

அந்த அறையை அவர் பார்த்து வைத்திருந்தார். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால், ஜன்னலே இல்லாமல், கதவோடு இருந்தது. இருபது வருடமாக 'விசாரணை' என்ற பலகைக்குக் கீழே, இந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் தலையை உள்ளே நுழைத்துத்தான் பேசுவார்கள். அவர் பார்த்த வாய்களை ஒரு பல் டாக்டர் பார்த்திருக்க மாட்டார்.

இன்று காலையிலும் முதல் தலை எட்டே முக்காலுக்கே வந்துவிட்டது. வாட்ச்மேனின் மனைவி.

"ஐயா, அவருக்குக் கடவாப் பல்லைப் புடுங்கியிருக்கு. மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கிக் கெடக்கு, வாயே தெறக்க முடியல. ஒரு நாளைக்கு நான் பாத்துக்கறேன். ஆனா எப்ப என்ன செய்யணும்னு அவரால சொல்ல முடியலிங்க. உங்களைக் கேட்டுக்கன்னு ஜாடை காட்டினாரு."

எழுத்தர் தாளாளருக்கான கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வாட்ச்மேனுக்கு என்ன வேலை? கார் வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும். அவ்வளவுதானே.

"ஒண்ணும் யோசிக்காதம்மா. கூண்டுல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இரு. எது ஆகணும்னாலும் நான் கையைத் தூக்கறேன். அப்பச் செஞ்சா போதும்."

"சரிங்க ஐயா."

தலை போய்விட்டது. அதையும் அவர் அப்போதே மறந்துவிட்டார்.

தலைமையாசிரியை நகரவில்லை. எழுத்தர் கைப்பேசியை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை மேல் வைத்தார். கம்ப்யூட்டர் டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்தாள்.

"டீச்சரம்மா, பெட்டி அடிக்கல."

"சார், மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணை மூடினான்."

"பெட்டி அடிக்கலம்மா" என்றார் எழுத்தர், மெதுவாக.

"பதறாதீங்க. உங்க கம்ப்யூட்டர்ல, பெட்டியோட பேசற கறுப்புத் திரையைத் தெறந்து வெச்சிட்டீங்களா? நான் சொல்றதை மட்டும் அடிங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முதல்ல பெட்டிக்கு நேரம் சரியா தெரியுதான்னு பாப்போம். date. அடிச்சு எண்டர் தட்டுங்க."

எழுத்தர் தட்டச்சில் உயர்நிலை தேறியவர். பழைய இயந்திரத்தில் ஒவ்வொரு வரி முடிந்ததும் இடது கையைத் தூக்கி உருளையைத் தள்ளிவிட வேண்டும். இயந்திரம் காயலான் கடைக்குப் போய்ப் பதினைந்து வருடமாகிறது. கை போகவில்லை. கம்ப்யூட்டரிலும் வரி முடிந்தால் இடது கை காதுக்கு மேலே எழும்பும், இல்லாத ஒன்றைத் தள்ளும், அதற்கப்புறம்தான் வலது சுண்டுவிரல் எண்டரைத் தட்டும். புதிதாக வரும் ஆசிரியைகள் அவர் ஈ ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

date என்று அடித்தார். கை எழும்பியது. எண்டர்.

டாங்!

மைதானம் ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு பிள்ளைகள் வரிசை கட்டி வகுப்புகளுக்குள் போனார்கள். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டுவிட்டுத் தம் அறைக்குப் போனார்.

"அடிச்சிருச்சும்மா! நீ மகராசி!"



"சார், date-ங்கறது சும்மா நேரம் கேக்கறது. அதுக்கு மணி அடிக்கத் தெரியாது."

"அடிச்சிச்சேம்மா. நான் கேட்டேன்."

"அதான் பயமா இருக்கு. எதுக்கும் இன்னொண்ணு பாத்துடுவோம். uptime. எத்தனை நாளா நிக்காம ஓடிட்டிருக்குன்னு சொல்லும்."

அடித்தார். கை எழும்பியது.

டாங்!

திரை, ஆறு நாளாக ஓடுகிறேன் என்றது. அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். முதல் பாடவேளை இரண்டு நிமிடத்தில் முடிந்து, பிள்ளைகள் அறை மாறினார்கள்.

"மறுபடி அடிச்சிருச்சும்மா."

"இருங்க சார், இடம் ரொம்பிப் போயிருக்கலாம். அப்படின்னா என்னத்தையாவது செய்யும். df, ஒரு இடம் விட்டு, கோடு, h."

டாங்!

பெட்டிக்குள் முக்கால்வாசி இடம் காலியாக இருந்தது. மூன்றாம் பாடவேளை தொடங்கியது.

"சூடு ஏறியிருக்குமோ? vcgencmd, இடம் விட்டு, measure_temp. ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன்."

ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். நாற்பத்தெட்டு டிகிரி. டாங்!

"அதுக்குக் காய்ச்சலும் இல்ல சார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கறதுதான்மா இப்படி அடிக்குது."

கணக்கு வாத்தியாரின் தலை ஜன்னலுக்குள் வந்தது. கையில் சுண்ணக்கட்டி.

"யோவ் விசாரணை, என்னய்யா நடக்குது? நான் போர்டுல 'கணக்கு'ன்னுதான் எழுதினேன். அதுக்குள்ள மூணு கிளாஸ் மாறிட்டேன். மூணு போர்டுலயும் அந்த ஒரு வார்த்தைதான் இருக்கு."

"சின்னக் கோளாறு சார். சரி பண்ணிட்டிருக்கேன்."

"நீ சரி பண்றப்பதான்யா அடிக்குது!"

அது உண்மை. எழுத்தரும் அதைக் கவனித்திருந்தார். வாத்தியார் தலையை வெளியே எடுத்ததும் கைப்பேசியிடம் குனிந்தார்.

"டீச்சரம்மா, எண்டர் தட்டினா அடிக்குது."

"அப்பத் தட்டாதீங்க."

"தட்டாம எப்படிம்மா நிறுத்தறது?"

குழந்தை சிணுங்கியது. அவள் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"சரி, மணி அடிக்கற வேலையையே நிறுத்திடுவோம். sudo systemctl stop mani. முன்னாடி sudo கட்டாயம் வரணும் சார். அது இருந்தாத்தான் முதலாளி சொல்றாருன்னு கேக்கும். அப்புறம் பாஸ்வேர்ட் கேக்கும்."

அந்தப் பள்ளியில் மணிக்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்று அடித்தால் அடுத்த பாடம். இரண்டு அடித்தால் இடைவேளை. மூன்று அடித்தால் சாப்பாடு. விடாமல் அடித்தால் வீட்டுக்கு.

அவர் முழு வரியையும் அடித்தார். கை எழும்பியது. எண்டர். டாங்!

"பாஸ்வேர்ட் கேக்குதும்மா. ஆனா அடிச்சா ஒண்ணுமே விழ மாட்டேங்குது. கட்டையெல்லாம் செத்துப்போச்சு."

"சாகல சார். பாஸ்வேர்ட் கண்ணுக்குத் தெரியாது. தைரியமா அடிங்க."

கண்ணுக்குத் தெரியாததைத் தைரியமாக அடிப்பது அவருக்குப் பழக்கமில்லை. அடித்தார். கை எழும்பியது. எண்டர். டாங்!

தப்பு, இன்னொரு தரம் அடி என்றது திரை.

மறுபடி அடித்தார். டாங்!

இந்தத் தரம் பெட்டி ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் மூன்று டாங் ஆகிவிட்டது. ஒன்பது இருபத்தைந்துக்கு நானூறு பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். மூடி திறக்கும் சத்தம் மழை மாதிரி கேட்டது.

தலைமையாசிரியை மறுபடி வந்தார். இந்தத் தரம் செருப்புச் சத்தம் கேள்வி கேட்கவில்லை. தீர்ப்பே சொன்னது.

"சார்! காலைல தின்னது தொண்டையைத் தாண்டல, அதுக்குள்ள சாப்பாடா?"

"நிறுத்திட்டேன் மேடம். இனிமே அடிக்காது."

"நிஜமா?"

"இருங்க, கேட்டுச் சொல்றேன். டீச்சரம்மா, நின்னுடுச்சான்னு எப்படிப் பாக்கறது?"

"systemctl status mani."

அடித்தார். 'நின்றுவிட்டது' என்று திரை தெளிவாகச் சொன்னது. டாங்!

எழுத்தர் திரையைக் காட்டினார். "பாருங்க மேடம். நின்னுட்டேன்னு எழுதிக் காட்டிக்கிட்டே அடிக்குது."

தலைமையாசிரியை திரையைப் பார்த்தார். எழுத்தரைப் பார்த்தார். எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அவருக்குப் புரியாததுபோல் இருந்தது. பிறகு விசிலை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைச் சாப்பாட்டிலிருந்து பாடத்துக்கு ஓட்டப் போனார்.

"சார்" என்றாள் டீச்சர். அவள் குரலில் இப்போது குழந்தையை எழுப்பிவிடும் பயம்கூட இல்லை. "கடைசியா ஒண்ணு. பெட்டி ஒரு டைரி எழுதும். எப்ப என்ன செஞ்சேன்னு அதுல இருக்கும். அதை மீறி அது எதுவும் செய்ய முடியாது. journalctl, இடம் விட்டு, கோடு, u, இடம் விட்டு, mani."

டாங்!

அதை அவர் பொருட்படுத்தவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரிகளைப் படித்தார்.

"இன்னிக்கு ஒன்பது மணிக்கு அடிச்சேன்னு போட்டிருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் நான் நிறுத்தச் சொன்னதும் நின்னேன்னு போட்டிருக்கு."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல."

"சார், அப்படின்னா அது இன்னிக்கு ஒரே ஒரு தடவைதான் அடிச்சிருக்கு. ஒன்பது மணிக்கு."

"ஒன்பது மணிக்குத்தான்மா அது அடிக்கல!"

குழந்தை வீறிட்டு அழுதது. எழுத்தருக்கும் அப்படித்தான் இருந்தது.

"நான் அப்புறம் கூப்பிடறேன் சார். பேசாம அணைச்சுடுங்க. sudo poweroff."

அடித்தார். பச்சை விளக்கு நாலைந்து முறை சிமிட்டி அணைந்தது. போகிற போக்கில் ஒரு டாங்!

எழுத்தர் எழுந்தார். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இளஞ்சூடாக, சாதுவாக இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மணி ஓய்ந்தது. அரை மணி நேரம் பள்ளி பள்ளியாக இருந்தது. எங்கோ வாய்ப்பாடு கேட்டது. ஜன்னலுக்கு வெளியே, வாட்ச்மேன் கூண்டின் வாசலில் அரை முகம் தெரிந்தது. அந்த அம்மாள் கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே அப்படித்தான் பார்க்கிறாள். பரிதாபப்படுகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

தாளாளர் வருவதற்குள் ஒரு விளக்கக் கடிதம் தயாராக இருந்தால் நல்லது. வாயால் சொல்வதைவிட அவருக்குக் கடிதம்தான் வரும். கறுப்புத் திரையை மூடிவிட்டு வெள்ளைத் தாளைத் திறந்தார்.

அனுப்புநர் என்று அடித்தார். கை எழும்பியது. எண்டர்.

டாங்!

காதில் பழைய சத்தம் மிச்சமிருக்கிறது என்று நினைத்தார். காதைக் குடைந்துகொண்டார்.

எழுத்தர். டாங்!

பெறுநர். டாங்!

பெட்டியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். விளக்கு இல்லை. ஒயர் இல்லை. உயிர் இல்லை. வினாத்தாள் வைக்கும் இரும்புப் பீரோவைத் திறந்து, உள்ளே வைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வேகமாக அடித்தார்.

தாளாளர் அவர்கள். டாங்! மதிப்பிற்குரிய ஐயா. டாங்! பொருள். டாங்! பள்ளி மணி பழுதடைந்தது குறித்து. டாங்!

விடாமல் அடித்தால் வீட்டுக்கு. நானூறு பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கி, சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால் என்று கேட்டை நோக்கி வரிசையாக நின்றார்கள். மணி பத்து இருபத்தைந்து.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் நடந்தே வந்து, சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்தார்.

தலைமையாசிரியை ஓடினார். எழுத்தர் ஜன்னலிலிருந்து பார்த்தார். அங்கே பேசுவது கேட்கவில்லை. கை அசைவது மட்டும் தெரிந்தது. தாளாளர் வரிசையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். சிரித்தார்கூட. ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். பிறகு இருவரும் வராந்தாக்களைச் சுற்றிக்கொண்டு விசாரணை ஜன்னலை நோக்கி வந்தார்கள்.

"தீ விபத்து ஒத்திகைன்னு சொல்லியிருக்கேன்" என்று தலைமையாசிரியை உள்ளே வந்ததும் பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தார். "என் வாயாலயே ஒரு பொய் சொல்ல வெச்சிட்டீங்க."

தாளாளர் பின்னாலேயே வந்தார். உயரமான மனிதர். சுற்றிலும் பார்த்தார்.

"மூணே நிமிஷத்துல நானூறு பேரும் வெளிய நிக்கறாங்க. நான் எந்தப் பள்ளியிலயும் பாத்ததில்ல. எல்லாம் மணியோட ஒழுங்கு. எங்க அந்தப் பெட்டி?"

எழுத்தர் எழுந்து நின்றார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, பெட்டியை எடுத்தார்.

"பீரோவுலயா வெச்சிருக்கீங்க?"

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையின் கதவு ஒரு தரம் கண் முன்னால் வந்து, மெதுவாகச் சாத்திக்கொண்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஐயா, உள்ளதைச் சொல்லிடறேன். என்னால முடியல. காலைலேருந்து இது என்ன செய்யுது, நான் என்ன செய்யறேன், எதுவுமே எனக்குப் புரியல. இது செத்தே போச்சு. ஒயர்கூடக் கிடையாது. நீங்களே பாருங்க!"

பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

டாங்!

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மற்றக் கையும் தானாக மேலே போனது.

டாங்!

இரண்டு கைகளையும் தூக்கியபடி அப்படியே நின்றார். மாடியில் பிள்ளைகள் 'ஓ' என்று கத்திக்கொண்டு இடைவேளைக்கு இறங்கினார்கள். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த கால அட்டவணையைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து நாப்பது. இடைவேளைக்கு ரெண்டு. நொடி பிசகல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒயரே இல்லாம!"

எழுத்தர் கைகளை இறக்கிப் பெட்டியை மேசை மேல் வைத்தார்.

"என்ன தன்னடக்கம் பாருங்க மேடம். ஒண்ணும் புரியலைங்கறார். இவரைப் போய் இந்த ஜன்னல்ல உக்கார வெச்சிருக்கீங்களே? அஞ்சு பள்ளிக்கும் இவர்தான். அந்தப் பின்னறைச் சாவியை இப்பவே கொடுங்க."

தலைமையாசிரியை கனவில் நடப்பதுபோல் போய், ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து எழுத்தரின் உள்ளங்கையில் வைத்தார். சாவி ஜில்லென்று இருந்தது. அவர் விரல்களை மூடினார். எதுவும் புரியவில்லைதான். ஆனால் கதவுள்ள ஓர் அறையில் உட்கார்ந்து, யார் தலையும் நுழையாத இடத்தில், சாவகாசமாகப் புரியாமல் இருக்கலாம்.

அப்போது ஜன்னலுக்குள் ஒரு தலை வந்தது. வாட்ச்மேனின் மனைவி. இரண்டு உள்ளங்கைகளும் கன்றிச் சிவந்திருந்தன. அவற்றை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"கொஞ்சம் கையைக் கீழ வெச்சுக்குங்க ஐயா, நீங்க தூக்கறப்பல்லாம் நானும் கயித்தை இழுத்து இழுத்துத் தோளே கழண்டு போச்சு, ரெண்டு வருஷமா கடியாரத்தைப் பாத்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவைதான் அடிக்கறேன்னு சொல்வாரே எங்க வீட்டுக்காரரு, அதெல்லாம் பொய்யா?"